தகரத்தை அவிழ்த்தது நான்தான்

போன மாதம் ஹட்டனில் ஒரு மண்டபத்தில் தோட்டத்து சுப்பவைசர்மாருக்கு இரண்டு நாள் வகுப்பு நடந்தது. ‘தலைமைத்துவம்’ என்று பெரிய எழுத்தில் சுவரில் ஒட்டியிருந்தார்கள். கொழும்பிலிருந்து வந்திருந்த ஒருவர் பலகையில் அம்புக்குறிகள் போட்டு, தலைவன் என்றால் யார், அதிகாரி என்றால் யார் என்று விளக்கினார். இருபத்திரண்டு வருடம் கங்காணியாக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். இரண்டாம் நாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் பேசச் சொன்னார்கள். நேரத்துக்கு வர வேண்டும், ஆட்களை மதிக்க வேண்டும், நாமே முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்று பத்து நிமிடம் பேசினேன். கை தட்டினார்கள். ஒரு சுடுதண்ணிப் போத்தலைப் பரிசாகத் தந்தார்கள்.

உட்காரப் போகும்போது பின் வரிசையில் தொப்பி போட்ட ஒரு பெண் எழுந்தாள். இப்போது பெண்களையும் சுப்பவைசராகப் போடுகிறார்கள். நோர்வூட் பக்கத்துத் தோட்டமாம்.

“ஐயா, மேலருந்து ஒன்னு செய்யச் சொல்றாங்க. அது சரியில்லன்னு நமக்கே தெரியுது. அந்த மாதிரி நேரத்துல நீங்க என்னா செஞ்சீங்க?”

“அனுசரிச்சுப் போகணும்மா.”

“அனுசரிச்சுன்னா?”

“பாத்து, பேசி, பொறுமையா...”

“வாயப் பொத்திக்கிட்டுன்னு எழுதிக்கவா ஐயா?”

மண்டபமே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். அம்புக்குறி போட்டவர் கடிகாரத்தைப் பார்த்து, சாப்பிடப் போகலாம் என்றார். அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. பதில் வரும் என்று பேனாவைப் பிடித்தபடி நின்றாள். அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

நான் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். அப்பா இறந்ததால் விட்டேன் என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். உண்மையில் எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினேன். ஏச்சு வாங்கி வாங்கிச் சிங்களம் பழகியது அங்கேதான். அதன் பிறகு வட்டவளைப் பக்கம் ரயில் பாதையில் கல் தள்ளும் வேலை. அது சலித்ததும் நுவரெலியாவில் மரக்கறி மூட்டை தூக்கினேன். பத்து வருடத்தில் ஒன்பது வேலை பார்த்தேன். சில இடத்தில் நானாக விட்டேன், சில இடத்தில் விரட்டினார்கள்.

ரயில் பாதையில் எங்கள் கூட்டத்துக்கு மேலாளாக சோமபால என்ற வயதான மனிதர் இருந்தார். வாய் திறந்தால் கெட்ட வார்த்தைதான் வரும். ஆனால் வளைவுக்கு அப்பால் ரயில் கூவினால், நாங்கள் பாதையை விட்டு இறங்கியதும் ஒவ்வொரு தலையாக எண்ணுவார். எண்ணி முடித்த பிறகுதான் அவர் இறங்குவார். நுவரெலியாவில் மூட்டை தூக்கிய கூட்டத்துத் தலைவன் வேறு ரகம். லொறி வந்ததும் முதலில் ஏறி, எது பாரம் குறைந்த மூட்டை என்று தடவிப் பார்த்துத் தனக்கு ஒதுக்கிக்கொள்வான். இருவரிடமும் நான் வேலை செய்திருக்கிறேன். ஆகவே எது சரி என்று தெரியாமல் நடந்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

கல்யாணம் ஆன பிறகு தோட்டத்துக்குத் திரும்பினேன். எழுதத் தெரியும், சிங்களம் பேசத் தெரியும் என்று ஒரு கொழுந்துக் கூட்டத்துக்குக் கங்காணியாகப் போட்டார்கள். இருபத்திரண்டு பெண்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக என்னை நாலு பேர் ‘ஐயா’ என்று கூப்பிட்டார்கள். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் என் கால் அங்கே நின்றது. பின்னால் நடந்ததற்கெல்லாம் அதுவும் ஒரு காரணம்.

வேலை தொடங்கும் முறையைச் சொல்ல வேண்டும். காலையில் பெரட்டுக் களத்தில் எல்லாரும் கூடுவோம். எந்தக் கூட்டம் எந்த மலைக்கு என்று, பெரியதுரைக்கு அடுத்த அதிகாரியான சின்னதுரை சொல்வார். தேயிலை நட்ட ஒவ்வொரு துண்டையும் நாங்கள் மலை என்போம், ஒவ்வொன்றுக்கும் நம்பர் உண்டு. எனக்குப் பெரும்பாலும் ஏழாம் நம்பர். அதன் கீழ்ப்பக்கம் முழுக்க ஆள் இல்லாமல் கைவிட்ட பழைய தேயிலை. ஆளுயர மானாப்புல் மூடிக் கிடக்கும். மேல்முனையில் ஒரு மரத்தில் பழைய எண்ணெய்த் தகரம் ஒன்று கட்டித் தொங்கும். மலைக்குப் போனதும் கங்காணி அதை எடுத்து, ஒரு கட்டையால் அடித்துக்கொண்டே மானாப்புல் ஓரமாக ஒரு நடை போய்வர வேண்டும். அவர் திரும்பியதும் பெண்கள் ஆளுக்கொரு நிரை பிடித்து, முதல் கொழுந்தைக் கிள்ளிக் கூடையில் போட்டு, ‘பொலியோ பொலி’ என்று ஒரே குரலில் சத்தமாகச் சொல்வார்கள். விளைச்சல் பெருக வேண்டும் என்று சாமியைக் கூப்பிடுவது. தேயிலைக்கு அடியில் படுத்திருக்கும் பன்றியோ சிறுத்தையோ இந்த இரண்டு சத்தத்திலும் எழுந்து போய்விடும். இது எந்தப் புத்தகத்திலும் இல்லை. எனக்கு முன்னிருந்த கங்காணி செய்தார், நானும் செய்தேன்.

‘பொலி’ சொல்வதில் முதல் குரல் செல்வராணியுடையது. என் வயதுதான் இருக்கும். புருஷன் இல்லை, ஒரே மகள் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். மானாப்புல் ஓரத்து நிரையை யாரும் விரும்ப மாட்டார்கள். கேட்காமலே செல்வராணி அதை எடுத்துக்கொள்வாள். யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் அவளுடைய நிரையில் பாதியை இவள் முடித்துக் கொடுப்பாள். பேர் எழுதும் கொப்பி என் கையில் இருந்தது. கூட்டம் அவள் கையில் இருந்தது. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

“கங்காணியாரே, மழ வரப் போவுது. படங்கக் கட்டிக்கிருவமா, இல்ல ஒங்க கொப்பிக்குள்ள பூந்துக்கிருவமா?” என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். நான் முறைப்பேன். பிறகு, நனையாமல் உடம்பில் சுற்றிக்கொள்ளும் அந்தப் படங்குச் சீலையைக் கட்டச் சொல்வேன்.

இனி சின்னதுரையைப் பற்றி. இளம் வயது. அதிர்ந்து பேச மாட்டார். பழைய துரைமார் போலப் பெரட்டில் கத்தியதே இல்லை. எதையும் எழுதித் தர மாட்டார். மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலே, ஒரு காலை மட்டும் தரையில் ஊன்றிக்கொண்டு, பாதியைச் சொல்லுவார். மீதி என் முகத்திலிருந்து வர வேண்டும் என்று காத்திருப்பார். வந்ததும், “சரி, நீ பாத்துக்க” என்பார். அவர் தமிழில் அடிக்கடி வரும் சொல் அது. நல்லது நடந்தால் அவர் சொன்னது. கெட்டது நடந்தால் நான் பார்த்துக்கொள்ளாதது. இது விளங்க எனக்குப் பல வருடம் ஆயிற்று.

ஏழாம் நம்பருக்கு மேலே பழைய பங்களா ஒன்று இருந்தது. அதைத் திருத்தி வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கும் இடமாக்கினார்கள். இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் காலை சின்னதுரை மலைக்கு வந்தார்.

“மேல ஆளுங்க தூங்குறாங்க. காலையிலயே பொம்பளைங்க கத்துறாங்கன்னு கம்ப்ளைன்ட்.”

“அது பொலி சொல்றது சார். பழக்கம்.”

“மனசுல சொல்லட்டும். சாமிக்குக் காது கேக்கும்தானே?”

நான் சிரித்தேன். அவர் சிரிப்பதாக இருந்தால் நானும் சிரிப்பது வழக்கம்.

“சத்தம் வேணாம். நீ பாத்துக்க.”

அவ்வளவுதான் அவர் சொன்னது. தகரத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அந்த நேரத்தில் தகரம் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். அவர் போன பிறகு நானாக யோசித்தேன். கத்துவதே கேட்கிறது என்றால் தகரம் அடிப்பது கேட்காதா? நாளைக்கு அதற்கும் ஒரு புகார் வந்தால், சொல்லியும் இவன் செய்யவில்லை என்று ஆகிவிடாதா? அன்று சாயந்தரமே மரத்திலிருந்து தகரத்தை அவிழ்த்து, கீழே கானில், அதாவது மழைத்தண்ணி ஓடும் வாய்க்காலில், கவிழ்த்து வைத்தேன். கேட்டதற்கு மேலே கொடுத்தேன். மேலிடத்துக்கு நல்ல பெயர் வாங்க நினைக்கிறவன் இதைத்தான் செய்வான். ஆணையை வாங்கி, அதைக் கொஞ்சம் பெரிதாக்கிக் கீழே இறக்குவான்.

மறுநாள் கூட்டத்தில் சொன்னேன். செல்வராணிதான் முதலில் பேசினாள்.

“சாமியக் கூப்புடுறதுக்கும் துரைகிட்ட லீவு கேக்கணுமா கங்காணியாரே?”

“சொன்னதச் செய்.”

“சரி, பொலி வேணாம். தகரத்த எங்க? ஓரத்து நெரையில நிக்கிறவ நானு. கீழ கெடக்குறது பூனக்குட்டி இல்ல.”

“இத்தன வருசத்துல எதாச்சும் வந்திச்சா?”

“அடிச்சோம், வரல. அடிக்காமப் பாக்கணுமா?”

நியாயமான கேள்வி. பதில் இல்லாதபோது மேலாளாக இருப்பவனுக்கு இன்னொரு வழி இருக்கிறது. அவள் அன்றைக்கு நிரை பிடித்ததும் வேண்டுமென்றே தொண்டை கிழிய ‘பொலியோ பொலி’ என்றாள். நான், “வீட்டுக்குப் போ. ஒனக்கு இன்னைக்கு வேல இல்ல” என்றேன். மற்றவர்கள் குனிந்து கொழுந்தைப் பார்த்தார்கள். அவள் கூடையின் தலைக்கயிற்றைக் கழற்றிச் சுருட்டி, என்னைத் தாண்டி மேலே ஏறிப் போனாள். அது எனக்கு வெற்றியாகப் பட்டது. அன்று கூட்டம் சத்தமே இல்லாமல் வேலை செய்தது. சின்னதுரை மேல் ரோட்டில் போகும்போது கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார்.

மூன்று வாரம் அப்படிப் போயிற்று.

அன்று பனிமூட்டம். நான் மேல் ரோட்டில் நின்று, எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று சின்னதுரைக்குப் போனில் சொல்லிக்கொண்டிருந்தேன். கீழே கொழுந்து கிள்ளும் சத்தம் சட்டென்று நின்றது. பிறகு ஒரு உறுமல். செல்வராணி ஓரத்து நிரையில் நாலாவது செடிக்குக் கையை நீட்டியிருக்கிறாள். அடியில் சிறுத்தை படுத்திருந்திருக்கிறது. ஓடக்கூட அதற்கு இடமில்லை. இவள் இடது கையை முகத்துக்கு முன் தூக்கியிருக்கிறாள். தோளிலிருந்து முழங்கை வரை சதை போய்விட்டது. மற்றப் பெண்கள் இருபத்தோரு பேரும் கத்தினார்கள். அந்தச் சத்தத்தில்தான் அது மானாப்புல்லுக்குள் பாய்ந்தது. மேலே பங்களாவில் ஜன்னல்கள் திறந்தன.

கொழுந்து ஏற்ற வந்த லொறியில், மூட்டைகளுக்கு மேல் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியில் அவள் கேட்டது ஒன்றுதான்.

“மகளுக்கு யாரு சொல்லுவா?”

அதற்குள் லயத்தில், எங்கள் வரிசை வீடுகளில், எல்லாருக்கும் தெரிந்திருக்கும் என்று சொன்னேன்.

நாலாம் நாள் கொழும்பிலிருந்து ஒரு விசாரணை அதிகாரி வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க நான் போக வேண்டும் என்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வேனில் சின்னதுரை என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“நான் சத்தம் வேணாம்னுதானே சொன்னேன்?”

“ஆமா சார்.”

“தகரத்தப் பத்தி சொன்னேனா?”

“இல்ல சார்.”

“அப்ப நீ பாத்துக்க.”

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் அவருடைய திறமை. உண்மை வெளியே வந்தால் விழப்போவது என் தலை என்று ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே எனக்குப் புரிய வைத்துவிட்டார். விசயம் இதுதான். மலையில் வேலை செய்யும்போது, செய்ய வேண்டிய காவல் செய்யாததால் அடிபட்டாள் என்று பதிந்தால், அவளைத் தோட்டம் பார்க்க வேண்டும். கை சரியாகாவிட்டாலும் லேசான வேலை ஏதாவது கொடுத்து வேலைப் பதிவில் பேரை வைத்திருக்க வேண்டும். அவளாக நிரையை விட்டு மானாப்புல்லுக்குள் போய் அடிபட்டாள் என்று பதிந்தால், யாருக்கும் பொறுப்பில்லை.

கட்டிலில் சாய்ந்திருந்தாள். இடது பக்கம் முழுக்கக் கட்டு. அதிகாரி மரியாதையான மனிதர். தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் உட்கார்ந்தார். வழக்கமாகத் தகரம் அடிப்பார்களாமே, அன்றைக்கு அடித்தார்களா என்று கேட்டார். நான் அதைத் தமிழில் கேட்டேன்.

“அடிக்கல சார். மூனு வாரமா அடிக்கல. கங்காணியாருதான் தகரத்த எறக்கி வச்சாரு. அவருகிட்டயே கேளுங்க, இங்கதானே நிக்கிறாரு.”

அதிகாரி என்னைப் பார்த்தார். கொழும்புச் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிக் கற்ற சிங்களம் அப்போது எனக்கு நன்றாக வந்தது.

“மதக்க நேலு, சேர்.”

ஞாபகமில்லையாம் என்று அர்த்தம். அவர் தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். எங்கே நின்றாள் என்று கேட்டார். நிரையில், நாலாவது செடியில் என்று அவள் சொன்னாள். புல் பக்கம் கொஞ்சம் இறங்கியதாகச் சொல்கிறாள் என்று நான் சொன்னேன். கூட்டத்திலிருந்து இரண்டு பெண்களை வரவழைத்திருந்தார்கள். அவர்கள் சொன்னதையும் நான்தான் சிங்களத்தில் சொன்னேன். அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. சிங்களத்தில் எழுதிய தாளை நீட்டினார்கள். செல்வராணி வலது கையால் கையெழுத்துப் போட்டாள்.

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவள் கை மடங்கியபடி நின்றுவிட்டது. சில மாதத்தில் பேரை வெட்டினார்கள். வீட்டில் ஒரு ஆளாவது தோட்டத்தில் வேலை செய்யாவிட்டால் லயத்துக் காம்பராவை, அந்த ஒற்றை அறை வீட்டை, விடச் சொல்வார்கள். பரீட்சைக்கு இருந்த மகள் புத்தகத்தை வைத்துவிட்டுப் பெரட்டுக்கு வந்தாள். அவளை என் கூட்டத்திலேயே போட்டார்கள். தினமும் காலையில் அவள் பேரைக் கூப்பிடுவேன், அவள் “இருக்கேன்” என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை என்னிடம் பேசியதில்லை. மூன்று வருடம் அப்படி. பிறகு கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டாள். காம்பராவை விடச் சொல்லிக் கடிதம் வந்தும் செல்வராணி அசையவில்லை.

தகரத்தை நான் சிறுத்தை அடித்த மறுநாளே எடுத்துக் கட்டினேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. அதன் பிறகு என் கூட்டத்தில் யாருமே எதுவும் கேட்கவில்லை. படங்கு கட்டு என்றால் கட்டினார்கள், அவிழ் என்றால் அவிழ்த்தார்கள். கிண்டல் இல்லை, எதிர்ப்பேச்சு இல்லை. தோட்டத்திலேயே ஒழுங்கான கூட்டம் என்று அடுத்த வருடம் எனக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். சின்னதுரைதான் கையில் தந்தார். அவர் இப்போது வேறெங்கோ பெரியதுரை. ஹட்டனில் என்னைப் பேசக் கூப்பிட்டதும் அந்தச் சான்றிதழைப் பார்த்துத்தான்.

வகுப்பு முடிந்து பஸ்ஸில் வந்து இறங்கியதும் வீட்டுக்குப் போகவில்லை. நேரே பழைய லயத்துக்குப் போனேன். செல்வராணி லயத்துக்குப் பின்னால் போஞ்சிக் கொடியைக் கம்பில் கட்டிக்கொண்டிருந்தாள். நாரின் ஒரு முனையைப் பல்லில் கடித்து, ஒரு கையாலேயே முடிச்சுப் போட்டாள். என்னைப் பார்த்ததும் நாரை வாயிலிருந்து எடுத்தாள்.

“வாங்க கங்காணியாரே. வழி தவறி வந்துட்டீங்களா?”

“ஒன்னயப் பாக்கத்தான் வந்தேன். ஆஸ்பத்திரில அன்னைக்கு நீ சொன்னத நான் மாத்திச் சொல்லிட்டேன் செல்வராணி.”

“மதக்க நேலு. அதத்தானே சொல்றீங்க?”

கையிலிருந்த சுடுதண்ணிப் போத்தலைக் கீழே வைத்தேன்.

“எந்தக் கந்தோருக்கு மனு எடுத்துக்கிட்டுப் போனாலும் அதத்தான் சொல்லி அனுப்புறாங்க. அது தெரியாமயா இருப்பேன்?” என்றாள்.

“அப்பவே வெளங்கிச்சா?”

“வெளங்கிச்சு.”

“அப்ப ஏன் கையெழுத்துப் போட்ட? கத்தியிருக்கலாம்ல?”

அடுத்த கொடியைப் பிடித்துக் கம்பில் சாய்த்தாள். நாரைப் பல்லில் வைக்கும் முன் சொன்னாள்.

“நீங்களா திருத்திச் சொல்லுவீங்கன்னு பாத்தேன். ஒரு ஆளு தப்பு செஞ்சா ஒடனே திரும்ப முடியாது, கொஞ்சம் நேரம் வேணும்ல. அதுக்குத்தான் மெதுவா எழுதுனேன்.”

செல்வராணி என்பது ஐந்து எழுத்து. அந்த ஐந்தையும் அவள் எழுதி முடிக்கும் வரை, பேனாவின் மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில்தான் நின்றேன்.